குடக்கூலிக்கு ஒரு கணிப்பொறி: மெய்நிகர் சேவையகத்தின் வரலாறும் நம் மொழித்தரவுகளின் இருப்பிடமும்

(சற்றே நீண்ட பதிவு. மொழியியல், கல்வெட்டியல், கணினித் தமிழ் ஆகிய துறைகளில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் நண்பர்களை மனத்திற்கொண்டு எழுதியது.)

அண்மைக் காலத் தமிழ் ஆய்வேடுகளில் ஒரு வகை பெருகிவருகிறது. சொல்லடைவு, வட்டார வழக்கு அகராதி, உருபனியல் பகுப்பி, கல்வெட்டுச் சொற்றொடர்த் தேடல் என ஆய்வின் விளைபொருள் ஓர் இணையச் செயலியாக அமைகிறது. இத்தகைய ஆய்வேடுகளின் இயல்கள் தரவையும் கோட்பாட்டையும் பக்கம் பக்கமாக விரித்துரைக்கின்றன. அச்செயலி எங்கே இயங்குகிறது என்பது மட்டும் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: ‘செயலி சேவையகத்தில் நிறுவப்பட்டுள்ளது.’ அந்தச் சேவையகம் யாருடையது, வாடகையை யார் செலுத்துகிறார், எத்தனை ஆண்டுகளுக்கு, அதன்பின் தரவு எங்கே போகும் என்ற வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் கழித்து ஆய்வேட்டில் அச்சிட்ட முகவரியைத் தட்டினால் பக்கம் திறவாது.

செயலியைச் சேவையகத்தில் நிறுவுவதை நாம் தொழில்நுட்ப உதவியாளரின் வேலையாகக் கருதிவருகிறோம். அதைப் பதிப்புப் பணியின் ஒரு பகுதியாகக் கருத வேண்டும் என்பதே இப்பதிவின் வாதம். ஒரு நூல் எந்த ஊரில், யார் பொறுப்பில், எத்தகைய இடத்தில் இருக்கிறது என்பதே அதை யார் படிக்கலாம், எவ்வளவு காலம் படிக்கலாம் என்பதைத் தீர்மானித்துவந்துள்ளது. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. மைசூருவிலேயே மூன்று களஞ்சியங்கள் இருக்கின்றன.

மைசூருவின் மூன்று களஞ்சியங்கள்

முதலாவது, 1891இல் தொடங்கப்பெற்ற கீழ்த்திசை நூலகம். இன்று மைசூருப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம். தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் இந்நூலகத்திற்குக் கொணர்ந்து ஒப்படைத்த ஓலைச்சுவடி ஒன்றில், கிரந்த எழுத்தில் எழுதப்பட்ட அர்த்தசாஸ்திரம் இருப்பதை 1905இல் ஆர். சாமசாஸ்திரி கண்டறிந்தார், 1909இல் அதை அச்சில் பதிப்பித்தார். மேற்கோள்கள் வழியாகவே அறியப்பட்டுவந்த ஒரு நூல் மீண்டும் முழுமையாக வாசிப்புக்கு வந்தது. அந்தச் சுவடி தனியொருவர் கையிலிருந்து நீங்கி, பட்டியல் எழுதும் வழக்கமும் படிக்கத் தெரிந்த நூலகரும் உடைய ஓரிடத்திற்கு வந்துசேர்ந்ததே இதற்குக் காரணம்.

இரண்டாவது, இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டியல் பிரிவு. 1886இல் ஹுல்ட்ஸ் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக அமர்த்தப்பட்டதிலிருந்து தொடங்கும் இம்மரபு, உதகமண்டலத்தில் நெடுங்காலம் இருந்து, 1960களில் மைசூருவுக்கு இடம்பெயர்ந்தது. கோயிற் சுவர்களில் ஈரத்தாளை ஒற்றி எடுத்த மைப்படிகள் இங்கே அடுக்கடுக்காகக் குவிந்தன. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளை ஆறு மாதத்திற்குள் சென்னைக்கு மாற்ற வேண்டும் எனச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் உத்தரவிட்டதை நாம் அறிவோம். அவ்வழக்கின் சாரம் இருப்பிடம் பற்றியது. படி எடுக்கப்பட்டிருந்தும் தமிழ் ஆய்வாளருக்கு அது எட்டும் இடத்தில் இல்லை என்பதே முறையீடு.

மூன்றாவது, 1969 ஜூலை 17 அன்று தொடங்கப்பெற்ற இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம். நடுவணரசின் மொழித்தொழில்நுட்பத் திட்டத்தின்கீழ் 1990களில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவற்றுக்கு, மொழிக்கு ஏறத்தாழ 30 லட்சம் சொற்கள் என்ற இலக்குடன் கணினித் தரவகம் உருவாக்கும் பொறுப்பு இந்நிறுவனத்திடம் வந்தது. பின்னர் பிரித்தானியாவின் லங்காஸ்டர் பல்கலைக்கழகம் மேற்கொண்ட எமில் திட்டத்துடன் இத்தரவுகள் இணைந்தன. ஐரோப்பிய மொழிவளச் சங்கத்தின் வழியாக உலக ஆய்வாளர்களுக்கு வழங்கப்பட்டன. மைசூருவில் தட்டெழுதிய தமிழ்ச் சொற்கள், உரிமப் படிவத்தில் ஒப்பமிட்டபின் ஐரோப்பாவிலிருந்து வந்துசேரும் நிலை இருந்தது. 2016இல் பாரதவாணி தளமும், 2019இல் இந்திய மொழிகளுக்கான மொழித்தரவுக் கூட்டமைப்பின் தரவு வழங்கு தளமும் வந்த பின்னரே நிறுவனத்தின் சேகரங்கள் இணையவழி நேராக எட்டத் தொடங்கின.

ஓலை, தாள், மின்தரவு ஆகிய மூன்றிலும் கேள்வி ஒன்றே: வைத்திருப்பவர் யார், வாசிப்பவரை அவர் எவ்வாறு உள்ளே விடுகிறார்? நான்காவது களஞ்சியம் ஒன்று இன்று உருவாகியிருக்கிறது. அதற்குக் கட்டடம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. ஆய்வு மாணவர் மாதம் ஏறத்தாழ 5 டாலர் செலுத்தி வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் தனிச் சேவையகம் அது. அதன் வரலாற்றை அறியாமல் அதன் நம்பகத்தன்மையை மதிப்பிட முடியாது.

ஓர் இயந்திரம், பல குடிகள்

தமிழில் வீட்டு வாடகைக்குக் ‘குடக்கூலி’ என்றொரு சொல் உண்டு. சேவையக உலகில் ஓர் இயந்திரத்தைப் பகிர்ந்துகொள்வோரைக் குடியிருப்போர் என்றே வழங்குகின்றனர். இந்த உருவகம் தற்செயலானதன்று. ஒரு கூரையின்கீழ் பல குடும்பங்கள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் எவ்வாறு வாழ்வது என்பதே இத்தொழில்நுட்பத்தின் அறுபதாண்டுச் சிக்கல்.

1961இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் காலப்பகிர்வு முறை செய்து காட்டப்பட்டது. விலைமிக்க ஒரே கணிப்பொறியின் நேரத்தை நுண்ணிய துண்டுகளாக்கிப் பலருக்குப் பங்கிட்டபோது, ஒவ்வொருவருக்கும் அது தம்முடையது போன்ற தோற்றம் கிடைத்தது. அதே கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையம் 1960களின் நடுப்பகுதியில் இன்னும் ஓரடி முன்னே சென்றது. நேரத்தை மட்டும் பங்கிடாமல், முழுக் கணிப்பொறியின் தோற்றத்தையே ஒவ்வொரு பயனருக்கும் வழங்கும் சிபி-40 என்ற அமைப்பை அது உருவாக்கியது. 1972இல் ஐபிஎம் இதை விஎம்/370 என்ற பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தது.

1974இல் ஜெரால்டு போப்பெக், ராபர்ட் கோல்டுபர்க் இருவரும் இதற்கு இலக்கணம் எழுதினர். மெய்நிகர் இயந்திரத்தில் ஓடும் நிரல் மெய்யான இயந்திரத்தில் ஓடுவது போன்றே நடந்துகொள்ள வேண்டும்; வளங்கள் அனைத்தும் மேற்பார்வை நிரலின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்; கட்டளைகளில் மிகப் பெரும்பாலானவை இடையீடின்றி நேராகச் செயற்பட வேண்டும். இம்மூன்றையும் நிறைவேற்ற ஒரு செயலகம் எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதையும் அவர்கள் நிறுவிக் காட்டினர்.

இலக்கணம் இருந்தது; இலக்கியம் வேறு வழியில் போயிற்று. 1980களில் உலகை நிறைத்த மேசைக் கணினிகளின் இன்டெல் செயலகம் இவ்விதிக்கு உட்படவில்லை. பென்டியம் செயலகத்தில் 17 கட்டளைகள் அதை மீறுகின்றன என்று 2000இல் வெளியான ஓர் ஆய்வு எண்ணிக் காட்டியது. இத்தடையைத் தாண்ட இரு வழிகள் தோன்றின. 1998இல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம், மீறும் கட்டளைகளை ஓடும்போதே பிடித்து மொழிபெயர்த்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2003இல் வெளியான ஸென், குடியேறும் இயங்குதளத்தையே சற்றுத் திருத்திவிட்டது. ஸென் திறமூல மென்பொருள் என்பதால் வாடகைச் சேவையகத் தொழில் அதைப் பற்றிக்கொண்டது. அமேசான் 2006இல் தொடங்கிய கணிமை வாடகைச் சேவை ஸென் மீதே எழுந்தது. 2005, 2006 ஆண்டுகளில் செயலகங்களே இதற்கு இடம் தரத் தொடங்கின. 2007இல் கேவிஎம் லினக்ஸ் கருவகத்தில் சேர்ந்தது. 2016இல் அமேசான் மும்பையிலும் டிஜிட்டல்ஓஷன் பெங்களூருவிலும் தரவு மையங்களைத் திறந்தன. மைசூருவில் இருக்கும் ஆய்வு மாணவரின் செயலி ஏறத்தாழ 145 கிலோமீட்டர் தொலைவிலேயே குடியிருக்கும் வாய்ப்பு அப்போதுதான் எளிதாயிற்று.

தமிழ் அதுவரை எங்கே குடியிருந்தது?

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பை விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று வழங்கத் தொடங்கியது. அக்காலத் தமிழ் இணையத்தின் பெரும்பகுதி வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் நிழலிலும் இலவச இடங்களிலும் குடியிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனை இணையத்தில் தேட விரும்பியவர் கொலோன் பல்கலைக்கழகத்தின் சேவையகத்தையோ சிகாகோ பல்கலைக்கழகத்தின் சேவையகத்தையோ நாடினர். சிகாகோவை இன்றும் நாடுகிறோம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை ஒருங்கிணைத்த கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லோசானில் பணியாற்றிய அறிவியலாளர்.

இலவச இடங்களில் புகழ்பெற்றது ஜியோசிட்டீஸ். தமிழர் பலர் தம் முதல் தமிழ்ப் பக்கத்தை அமைத்தது அங்கேதான். 1999இல் அதை விலைக்கு வாங்கிய யாஹூ, 2009 அக்டோபரில் மூடியது. இணைய ஆவணக் காப்பகமும் தன்னார்வலர் குழுக்களும் இயன்றதைப் படியெடுத்தன, எஞ்சியது அழிந்தது. மீண்ட பக்கங்களிலும் ஓர் இடர் இருந்தது. யூனிகோடு பரவுவதற்குமுன் எழுதப்பட்டவை திஸ்கி, தாப், தாம் எனப் பல குறியாக்கங்களில் இருந்தன. உரிய எழுத்துரு இன்றி அவற்றைப் படிக்க இயலாது. வீடு போனது ஓர் இழப்பு. வீட்டில் இருந்தவற்றின் எழுத்தே விளங்காமற் போனது மற்றோர் இழப்பு.

கட்டணம் செலுத்திப் பெறும் இடமும் அந்நாளில் பெரும்பாலும் பகிர்வு இடமாகவே இருந்தது. 1997இல் வெளியான எச்டிடிபி 1.1 நெறிமுறை, ஒரே இணைய எண்ணில் பல பெயருடைய தளங்கள் இயங்க வழிசெய்தது. நூற்றுக்கணக்கான தளங்கள் ஒரே இயந்திரத்தில் அடுக்கப்பட்டன. அங்கே பக்கங்களை வைக்கலாம், பிஎச்பி நிரல்களை ஓட்டலாம். ஆனால் நமக்கு வேண்டிய மென்பொருளை நிறுவ முடியாது; தொடர்ந்து இயங்கும் நிரலை விட்டுவைக்க முடியாது.

மொழியியலாளருக்கு இது பெருந்தடை. நூலின் பாடம் நிலையான பக்கமாக இருக்கலாம். உருபனியல் பகுப்பி அவ்வாறன்று. ‘வந்திருந்தவர்களிடமிருந்து’ என்ற சொல்லைப் பயனர் உள்ளிடும் கணத்தில் அதைப் பிரிக்க ஒரு நிரல் விழித்திருக்க வேண்டும். வாடகை குறைந்து தனிச் சேவையகம் எளிதில் கிடைத்தபோதுதான், தனி ஆய்வாளர் ஒருவர் எந்த நிறுவனத்தின் இசைவையும் எதிர்பாராமல் இத்தகைய நிரலை உலகுக்கு வழங்க முடிந்தது. இடத்திற்கேற்ப இயல்வதும் மாறுகிறது என்பதை இங்கே காண்கிறோம்.

நிறுவுதலின் படிகள்

இன்று ஒரு மாணவர் தம் செயலியை நிறுவும்போது கடக்கும் படிகள் ஒவ்வொன்றும் ஒரு பழைய இன்னலுக்கு விடையாகப் பிறந்தவை.

முதற்படி, பாதுகாப்பான நுழைவு. 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்களை யாரோ ஒட்டுக்கேட்டதைத் தொடர்ந்து, அங்கிருந்த தாத்து யுலோனென் எஸ்எஸ்எச் என்ற மறையாக்க நுழைவு முறையை எழுதினார். கோப்புப் பரிமாற்றத்தின் வாயில் எண் 21, டெல்நெட்டின் வாயில் எண் 23. அவ்விரண்டுக்கும் மாற்றாக வந்த இதற்கு இடையே வெறுமையாய் இருந்த 22ஐக் கேட்டுப் பெற்றார். பொது இணையத்தில் ஒரு சேவையகம் விழித்தெழுந்த சிறிது நேரத்திலேயே அந்த வாயிலைத் தானியங்கி நிரல்கள் தட்டத் தொடங்கும் என்பதைப் பதிவேட்டைத் திறந்து பார்த்த எவரும் அறிவர். ஆகவே கடவுச்சொல் நுழைவை மூடிவிட்டு மறைத்திறவியால் மட்டும் நுழைவது, தேவையான வாயில்களைத் தவிர மற்றவற்றை அடைப்பது, மேலாளர் கணக்கில் அன்றாட வேலை செய்யாதிருப்பது ஆகியவை முதல் நாட்பணிகள்.

இரண்டாம் படி, வாயிற்காவல். ஒரே சேவையகம் ஒரே நேரத்தில் பத்தாயிரம் இணைப்புகளை எவ்வாறு தாங்கும் என்ற வினாவை 1999இல் டான் கெகல் முன்வைத்தார். அதற்கு விடையாக இகோர் சிசோயெவ் எழுதி 2004இல் பொதுவெளிக்குத் தந்த என்ஜின்எக்ஸ் இன்று செயலிகளின் முன்வாயிலில் நிற்கிறது. வருவோரை அது எதிர்கொண்டு, படங்களையும் நிலையான பக்கங்களையும் தானே கொடுத்தனுப்புகிறது. பகுப்பும் தேடலும் வேண்டுவோரை மட்டும் உள்ளே இயங்கும் நிரலிடம் அனுப்புகிறது.

மூன்றாம் படி, செயலியை ஒரு பணியாகப் பதிவுசெய்வது. இயந்திரம் மறுதொடக்கம் ஆனாலும், நிரல் இடையில் வீழ்ந்தாலும், மனிதர் தலையீடின்றி அது மீண்டும் எழ வேண்டும். நம் மாணவர் செயலிகள் பல முதல் மின்வெட்டிலோ முதல் மறுதொடக்கத்திலோ நின்றுபோவது, தம் முனையச் சாளரத்தில் நிரலைக் கையால் ஓடவிட்டுச் சென்றுவிடுவதால்.

நான்காம் படி, மறையாக்கச் சான்றிதழ். முன்னர் விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்த இதை 2015 டிசம்பரிலிருந்து லெட்ஸ் என்க்ரிப்ட் எவருக்கும் இலவசமாக வழங்கிவருகிறது. தொடக்கத்தில் அது விதித்த ஆயுள் 90 நாள். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இல்லையேல் மூன்று மாதத்தில் உலாவி உங்கள் அகராதியை ஐயத்துக்குரிய தளம் என்று அறிவிக்கும்.

சேவையகத்தில் தமிழ் நெடுங்கணக்கு

இதுவரை சொன்னவை எம்மொழிச் செயலிக்கும் பொதுவானவை. தமிழுக்கென்று தனிச் சிக்கல்கள் உள்ளன; இங்கேதான் மொழியியல் பயின்றவரின் பொறுப்பு தொடங்குகிறது.

முதலாவது, அகரவரிசை. 1991இல் வெளியான யூனிகோடு, இந்திய எழுத்துகளின் அடுக்குமுறையை 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்திலிருந்து பெற்றது. இஸ்கி எல்லா இந்திய எழுத்துகளையும் ஒரே சட்டகத்தில் பொருத்தியமையால், தமிழின் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் லகரத்தை அடுத்தும் அமர்ந்தன. நம் நெடுங்கணக்கிலோ ழ, ள, ற, ன நான்கும் இறுதியில் நிற்பவை. குறியெண்களை மட்டும் நோக்கி வரிசைப்படுத்தும் தரவுத்தளம் ‘மனம்’ என்பதை ‘மலை’க்கு முன்னே வைக்கும், தமிழ் அகராதி மரபில் ‘மலை’யே முந்தும். பைத்தானின் இயல்பான வரிசையாக்கமும் இவ்வாறே பிறழும். தமிழ் வரிசையறிந்த யூனிகோடு நூலகத்தைச் சேவையகத்தில் நிறுவி, தரவுத்தளத்தை உருவாக்கும்போதே அதைக் குறிப்பிட வேண்டும். இவ்வமைப்பைத் தெரிவுசெய்பவர் அகராதிப் பதிப்பாசிரியரின் முடிவு ஒன்றை எடுக்கிறார். அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதன் மற்றொரு முகம் 2018இல் வெளிப்பட்டது. லினக்ஸின் அடிப்படை நிரலகமான கிலிப்சியின் 2.28ஆம் பதிப்பில் வரிசையாக்க விதிகள் பெருமளவு மாறின. பழைய விதிப்படி கட்டிய தரவுத்தளச் சுட்டிகளை மீண்டும் கட்டாமல் இயங்குதளத்தை மட்டும் புதுப்பித்தால், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தன்னிடம் இருக்கும் சொல்லையே ‘இல்லை’ என்று விடையளிக்கக்கூடும். ஒரு சொல் வழக்கில் இல்லை என்று முடிவுகட்டும் ஆய்வாளர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஒரே வடிவம், பல குறியெண்கள். ‘கொ’ என்பதைக் ககரத்தோடு ஒகரக் குறி என்றும் எழுதலாம். ககரத்தோடு எகரக் குறி, பின் கால் என்றும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, தேடுபொறிக்கு வேறு. ‘கௌ’ என்பதை எகரக் குறியும் ளகரமும் சேர்த்துத் தட்டெழுதியவரும் உண்டு. தரவைச் சேவையகத்தில் ஏற்றும் முன் இவற்றை ஒருமைப்படுத்தாவிடில் சொல் எண்ணிக்கை பிழைபடும்.

மூன்றாவது, கல்வெட்டுச் செயலிகளுக்கு உரியது. கல்வெட்டுகளில் நில அளவு குறிக்க வரும் மா, காணி, முந்திரி முதலிய பின்னக் குறிகள் 2019 மார்ச்சில் வெளியான யூனிகோடு 12.0இல் தமிழ்த் துணைத் தொகுதியாக இடம்பெற்றன. கிரந்த எழுத்துகள் 2014இல் 7.0ஆம் பதிப்பில் வந்தன. நாம் அன்றாடம் எழுதும் தமிழ் எழுத்துக் குறிகள் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட் கொள்பவை; பின்னக் குறிகளும் கிரந்தமும் 4 பைட் கொள்பவை. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ‘யுடிஎஃப்8’ என்ற பெயரில் நெடுங்காலம் வழங்கிய அமைப்பு 3 பைட்டுக்கு மேல் ஏற்காது. கண்டிப்பான முறைமை இருந்தால் பிழை காட்டி நிற்கும். இல்லையேல் ஓர் எச்சரிக்கையோடு அந்தக் குறியிலிருந்து எஞ்சிய பாடம் முழுவதையும் வெட்டிவிடும். கல்லில் வெட்டி ஆயிரம் ஆண்டு நின்ற ஒரு நிலக்கொடை, பின்னக் குறி வந்த இடத்தில் சேவையகத்தில் முறிந்துபோகும். 4 பைட் ஏற்கும் அமைப்பு 2010 முதல் உண்டு. தெரிந்து தெரிவுசெய்ய வேண்டும், அவ்வளவே.

இடப் பரப்பைப் பற்றி ஒரு கணக்கு. 30 லட்சம் சொற்கள். சொல்லுக்குச் சராசரி 10 குறியெண், குறிக்கு 3 பைட் என்று கொண்டால் 9 கோடி பைட், அதாவது ஏறத்தாழ 90 மெகாபைட். 1990களில் ஒரு நடுவண் நிறுவனம் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் திரட்டத் திட்டமிட்ட அளவு, இன்று மிக மலிவான வாடகைச் சேவையகத்தின் நினைவகத்திலேயே அடங்கும். இடமும் விசையும் இன்று தடையாகா. காலமே தடை.

ஏடு பெயர்த்தெழுதுதல்

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பற்றி எரிந்தது. ஏறத்தாழ 36 லட்சம் இணையதளங்கள் செயலிழந்தன என்று நெட்கிராஃப்ட் கணக்கிட்டது. வேறிடத்தில் படி வைத்திருந்தவர்கள் சில நாளில் மீண்டனர். வைத்திராத பலருடைய தரவு திரும்பவில்லை. மெய்நிகர் என்று நாம் சொல்லும் சேவையகம் ஒரு கட்டடத்தில் மெய்யான இரும்பாகவே இருக்கிறது. அதற்கும் எரியும் தன்மை உண்டு.

தீ அரிது. நம் ஆய்வுச் செயலிகளை அழிப்பது பெரும்பாலும் அதைவிட அமைதியான ஒன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை, முதுநிலை ஆய்வு நல்கைகள் இரண்டும் சேர்ந்து உச்ச அளவு 5 ஆண்டு. நல்கை நிற்கும்போது மாணவரின் கையிலிருந்து செல்லும் வாடகையும் நிற்கிறது; நிறுவனம் முறைப்படி அறிவிப்பு அனுப்பி, காலக்கெடு முடிந்ததும் இயந்திரத்தை நீக்குகிறது. எவர்மீதும் குறை சொல்ல இடமில்லாத அழிவு இது. மைப்படிகளுக்கு ஓர் அலுவலகமும் முகவரியும் இருந்தமையால் நீதிமன்றத்தை நாட முடிந்தது. அணைந்துபோன சேவையகத்துக்காக யாரும் வழக்குத் தொடுக்க இயலாது.

இதற்கிடையே ஆய்வேட்டின் நூல்வடிவம் பாதுகாப்பாக இருக்கிறது. மானியக் குழுவின் 2009 ஒழுங்குமுறை ஆய்வேடுகளின் மின்படியை ஒப்படைக்க வேண்டும் என்றது. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையத்தின் சோத்கங்கா களஞ்சியம் அவற்றைக் காத்துவருகிறது. அதனால் விந்தையான நிலை ஒன்று உருவாகிறது. செயலியை விவரிக்கும் உரை நிலைத்திருக்கிறது, செயலி மறைந்துவிடுகிறது. உரைகாரர் காட்டிய மேற்கோள்கள் வழியே மட்டும் அறியப்பட்டு, மூலம் முழுமையாகக் கிடைக்காமற்போன நூல்களைத் தமிழ் இலக்கிய வரலாறு அறியும். அந்த நிலையை நாமே மீண்டும் உண்டாக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

ஓலைச்சுவடியின் ஆயுள் வரம்புடையது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆகவே ஏடு நைந்துபோகும் முன் பெயர்த்தெழுதினர். சுவடி அழிந்தாலும் பாடம் தொடர்ந்தது. மதுரைத் திட்டத்தின் நூல்கள் குறியாக்கம் மாறியும், சேவையகம் மாறியும் இன்றுவரை நிலைத்திருப்பதற்கும் இதுவே காரணம். எவரும் படியெடுக்கலாம் என்ற இசைவோடு எளிய கோப்புகளாக அவை வழங்கப்பட்டன. படிகள் பல இடங்களில் இருந்தன.

இதிலிருந்து ஆய்வேடு எழுதுவோர் கைக்கொள்ளத்தக்கவை சில. தரவையும் செயலியையும் பிரித்து வையுங்கள்; தரவு எந்த நிரலும் இன்றிப் படிக்கத்தக்க எளிய உரைக் கோப்பாக இருக்கட்டும். அதன் ஒரு படியை, செர்ன் ஆய்வகம் நடத்தும் ஸெனோடோ போன்ற நிலையான களஞ்சியத்தில் இட்டு, அது தரும் நிலை எண்ணை ஆய்வேட்டில் அச்சிடுங்கள். சேவையகத்தைக் கையால் கட்டாமல், நிறுவும் படிகள் அனைத்தையும் ஒரு நிரலாக எழுதி வையுங்கள். பிறரொருவர் வெற்று இயந்திரத்தில் அதை ஓட்டினால் உங்கள் செயலி அரைமணியில் எழ வேண்டும். அந்நிரலை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேருங்கள். வரிசையாக்கத் தெரிவும் குறியாக்கத் தெரிவும் காரணத்தோடு அங்கே இடம்பெறட்டும். நிரல் நின்றபின்னும் வாசிக்க, அகராதியின் பதிவுகளை நிலையான பக்கங்களாகவும் ஒருமுறை ஆக்கி வையுங்கள்.

துறைகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. 90 மெகாபைட் தரவைக் காக்கும் செலவு, ஒரு கருத்தரங்கின் பதாகைச் செலவை எட்டாது. நூலகத்திற்கு இதழ் வாங்குவது போலவே, முன்னாள் மாணவர்களின் செயலிகளைத் துறையின் பெயரில் ஒரே சேவையகத்தில் வைத்துப் பேணுவதை ஆண்டுச் செலவில் ஓர் இனமாகச் சேர்க்கலாம். கணினித் துறையாருக்கு விட்டுவிடத்தக்க பணியன்று இது; ‘மனம்’ முந்துமா ‘மலை’ முந்துமா என்பதை அறிந்தவர் நாம்.

நண்பர்கள் அடுத்த முறை நெறியாளரிடம் இயல்பகுப்பைக் கொண்டுசெல்லும்போது ‘தரவின் இருப்பிடம்’ என்று ஒரு பகுதியைச் சேர்த்துப் பாருங்கள். யாருடைய இயந்திரம், யார் செலுத்தும் வாடகை, எதுவரை, படிகள் எங்கெங்கே என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை எழுத இரண்டு பக்கம் போதும்.